நான்கு அங்குலம் கேட்டவருக்கு இரண்டு அங்குலம்: ஒரு லிஃப்ட் கிட் தேர்வின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி டொயோட்டா லேண்ட் குரூசர் 80 வரிசையைச் சேர்ந்தது. முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில் (இடவல சக்கரங்களை இணைக்கும் ஒரே விறைத்த அச்சு), நான்கு மூலைகளிலும் காயில் ஸ்பிரிங், முன் ஆக்சிலைப் பிடித்து நிறுத்த இரண்டு ரேடியஸ் ஆர்ம், எந்நேரமும் நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் ஏற்பாடு ஆகியவை இதன் அடிப்படை. 1990களின் இறுதியில் வந்த 100 வரிசையில் பெரும்பாலான வண்டிகளுக்கு முன் ஆக்சில் போய்த் தனித்தனி சஸ்பென்ஷன் வந்துவிட்டதால், பாறையிலும் பள்ளத்திலும் ஓட்டுபவர்கள் இன்றும் 80ஐத் தேடிப் பிடிக்கிறார்கள். வண்டியின் உடலை உயர்த்துவதற்கான பாகங்களின் தொகுதிதான் லிஃப்ட் கிட். அந்தப் பெயரில் சந்தையில் விற்கும் ஏறக்குறைய எல்லா வகைகளும் இந்த வண்டிக்குக் கிடைக்கின்றன. தேர்வு கடினமாவதற்கு அதுவே காரணம்.

உரிமையாளர் நான்கு அங்குல, அதாவது 100 மி.மீ., கிட் வேண்டும் என்றும், அத்துடன் 315/75 ஆர் 16 டயர் போட வேண்டும் என்றும் முடிவு செய்துவிட்டே வந்தார். அவர் சொன்ன குறைகள் மூன்று. வண்டியின் பின்புறம் தொங்குகிறது. மேடுகளைக் கடக்கும்போது அடிப்பகுதி உரசுகிறது. ஏற்கெனவே போட்டிருக்கும் 285/75 ஆர் 16 டயர், ஒரு சக்கரம் மேலே ஏறி எதிர்ச்சக்கரம் தொங்கும் நிலையில், உட்புற வளைவில் தேய்கிறது. மூன்றுக்கும் ஒரே மருந்து உயரம் என்பது அவர் கணிப்பு. குறைகளைத் தனித்தனியாகப் பார்த்தபோது உயரத்தோடு நேரடித் தொடர்புள்ளது அவற்றில் ஒன்றுகூட முழுமையாக இல்லை என்று தெரிந்தது.

எடை

முதலில் வண்டியை எடைமேடைக்குக் கொண்டுபோய் முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் தனித்தனியாக நிறுத்தோம். லிஃப்ட் கிட் வாங்குபவர்கள் பெரும்பாலும் தவிர்க்கும் வேலை இது. என் கணக்கில் இதைச் செய்யாமல் ஸ்பிரிங் வாங்குவது அளவெடுக்காமல் சட்டை தைப்பதற்குச் சமம். வண்டியில் பிறகு சேர்த்தவை இரண்டு தொகுதிகள். முன்னால் இரும்புப் பம்பரும், சிக்கிய வண்டியை இழுத்து மீட்கும் வின்ச்சுமாக ஏறத்தாழ 100 கிலோ. பின்னால் இழுப்பறைப் பெட்டி, குளிர்பதனப் பெட்டி, கருவிகள் என நிரந்தரமாக 150 கிலோ.

முன்னால் ஏற்றிய 100 கிலோ முன் ஆக்சிலில் 100 கிலோவாக மட்டும் இறங்குவதில்லை. பம்பர் ஆக்சிலுக்கு ஏறத்தாழ 800 மி.மீ. முன்னால் தள்ளி நிற்கிறது. வண்டியின் சக்கர இடைவெளி 2850 மி.மீ. நெம்புகோல் கணக்குப்படி முன் ஆக்சிலில் 128 கிலோ கூடி, பின் ஆக்சிலில் 28 கிலோ குறைகிறது. அதேபோல் பின் ஆக்சிலுக்கு 600 மி.மீ. பின்னால் இருக்கும் 150 கிலோ, பின்புறத்தில் 182 கிலோவாக அழுத்தி, முன்புறத்தை 32 கிலோ தூக்கிவிடுகிறது. இரண்டையும் சேர்த்தால் முன் ஆக்சிலுக்கு நிகரமாக 96 கிலோவும் பின் ஆக்சிலுக்கு 154 கிலோவும் கூடியிருக்க வேண்டும். எடைமேடைச் சீட்டு இதை ஒட்டியே வந்தது.

பின்புறத்தில் ஒவ்வொரு ஸ்பிரிங்கின் விறைப்பும் மி.மீ.க்கு 25 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால், பக்கத்துக்கு 77 கிலோ கூடியதால் வண்டி 30 மி.மீ. தாழும். முன்புறத்தில் 28 நியூட்டன் என்று கொண்டால் தாழ்வு 17 மி.மீ. ஆக, பின்புறம் தொங்குவதற்குக் காரணம் உயரக் குறைவு அன்று. சுமக்கும் எடைக்கு ஸ்பிரிங் பொருந்தாததுதான். எடைக்கேற்ற ஸ்பிரிங்கைப் போட்டாலே பின்புறம் பழைய நிலைக்கு வந்துவிடும், அதற்கு மேல் எத்தனை மி.மீ. உயர்த்துவது என்பது வேறு கேள்வி.

கிட் விற்பவர்கள் சொல்லும் உயரமும் இதனால்தான் குழப்பம் தருகிறது. ‘50 மி.மீ. உயர்வு’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது ஏதோ ஒரு சுமைக்குரிய எண். அந்தச் சுமை என்ன என்பதைக் கேட்டு வாங்க வேண்டும். கூடுதல் எடையே இல்லாத வண்டிக்கெனச் செய்த ஸ்பிரிங்கை இந்த வண்டியில் போட்டால் 50 பாதியளவில் வந்து நிற்கும். அதற்குப் பயந்து 400 கிலோ நிரந்தரச் சுமைக்கான ஸ்பிரிங்கைப் போட்டால், பின்புறம் வானத்தைப் பார்த்து நிற்கும். சிறு பள்ளங்களில் ஸ்பிரிங் அமுங்கவே மறுக்கும். சக்கரம் தரையைத் தொடராமல் துள்ளும். கடினமான ஸ்பிரிங் வலிமையானது என்ற நம்பிக்கை இந்தத் துறையில் வேரூன்றிப்போனது. சுமைக்கு மிஞ்சிய ஸ்பிரிங், சக்கரம் கீழே இறங்கும் அளவைக் குறைத்து, எந்தத் தடத்துக்காக வண்டியைத் தயார் செய்தோமோ அதே தடத்தில் பிடிமானத்தைக் கெடுக்கிறது.

அடிப்பகுதியில் இருந்த கீறல்கள்

இரண்டாவது குறையை ஆராய வண்டியைப் பட்டறையின் தூக்குமேடையில் ஏற்றி, புதிதாக விழுந்த கீறல்களை மட்டும் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டோம். சேஸிஸின் நடுக் குறுக்குச் சட்டத்திலும் பக்கவாட்டுப் படியிலும் ஓரிரு இடங்களே அகப்பட்டன. மற்ற வட்டங்களெல்லாம் பின் ஆக்சிலில் ஷாக் அப்சார்பர் பொருந்தும் கீழ்க் கொக்கி, கீழ் இணைப்புக் கம்பியின் தாங்கி, முன் டிஃபரன்ஷியலின் அடிவயிறு ஆகிய இடங்களில் விழுந்தன. இவை அனைத்தும் ஆக்சிலோடு ஒட்டியவை. ஆக்சில் நிற்பது டயரின் மேல். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் இந்தப் பாகங்களுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியில் ஒரு மி.மீ.கூட மாறாது. அதை மாற்றுவது டயரின் விட்டம் ஒன்றே, அதுவும் விட்டத்தில் கூடியதில் பாதி மட்டுமே.

285/75 ஆர் 16 டயரின் விட்டம் 834 மி.மீ., 315/75 ஆர் 16 டயரின் விட்டம் 879 மி.மீ. அதாவது பெரிய டயரால் ஆக்சிலுக்குக் கிடைப்பது சுமார் 22 மி.மீ. இந்த 22க்காகச் செலுத்த வேண்டியவை பல: ஆலையில் வந்த 275/70 ஆர் 16 டயரோடு ஒப்பிட்டால் விட்டம் 11 சதவீதம் கூடுவதால் கியர் விகிதம் அந்த அளவுக்கு நீண்டு இழுவை மந்தமாகும், வேகமானி குறைத்துக் காட்டும், பிரேக் பிடிக்க வேண்டிய சுழல் எடை கூடும், வளைவுத் தகட்டை வெட்ட வேண்டிவரும். ஏற்கெனவே போட்டிருக்கும் டயரே போதும் என்ற முடிவுக்கு உரிமையாளர் இந்த இடத்தில் தாமாகவே வந்தார்.

நடுப்பகுதி உரசலைப் பொறுத்தவரை உயரம் உதவும் என்பதை மறுக்கவில்லை. சக்கரங்கள் தரையைத் தொடும் புள்ளிகளை வைத்துப் போடும் எளிய கணக்கில், நடுவில் 300 மி.மீ. இடைவெளி இருக்கையில் வண்டி தாண்டக்கூடிய மேட்டின் கோணம் ஏறத்தாழ 24 டிகிரி. 50 மி.மீ. உயர்த்தினால் அது 27.6 ஆகும், 100 மி.மீ. உயர்வும் பெரிய டயரும் சேர்ந்தால் 33ஐத் தொடும். வேறுபாடு சிறிதன்று. ஆனால் சுண்ணக்கட்டி வட்டங்கள் சொன்னபடி, இவர் ஓட்டும் தடங்களில் அந்தக் கோணம் அடிக்கடி தேவைப்படவில்லை.

உயரத்துக்கான எதிர்க்கணக்கு கவிழும் வாய்ப்பில் இருக்கிறது. இடவல சக்கர இடைவெளியைப் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தைப்போல் இருமடங்கால் வகுத்தால் வருவது நிலையான உறுதிக் காரணி. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் வண்டிகளின் கவிழும் வாய்ப்பை மதிப்பிட இதையே அடிப்படையாகக் கொள்கிறது. இந்த வண்டியின் இடவல இடைவெளி ஏறத்தாழ 1600 மி.மீ.; மையத்தின் உயரம் 770 மி.மீ. என்று கொண்டால் காரணி 1.04. 50 மி.மீ. உயர்த்தினால், ஸ்பிரிங்குக்கு மேலுள்ள எடை மட்டுமே உயர்வதால் மையம் 40 மி.மீ. அளவுக்கு ஏறும்; காரணி 0.99 ஆகும். நான்கு அங்குலமும் பெரிய டயரும் சேர்ந்தால் 0.92க்கு இறங்கும். பக்கச் சரிவில் கவிழும் எல்லையாகப் பார்த்தால் 46 டிகிரியிலிருந்து முறையே 44.7க்கும் 42.5க்கும் வருகிறது. இவை விறைத்த பொம்மை வண்டிக்கான எண்கள். ஸ்பிரிங்கும் டயரும் பள்ளப்பக்கம் அமுங்குவதால் நிஜ வண்டி இதற்கு முன்பே சாயும். கூரையில் எரிபொருள் கேன் கட்டுபவர்கள் இன்னும் சில டிகிரிகளைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

முன் ஆக்சிலின் சிக்கல்

தேர்வை உண்மையில் தீர்மானித்தது முன்புறம். ரேடியஸ் ஆர்ம் இரண்டு புஷ்களால் (ரப்பர் உறைகளால்) ஆக்சிலோடு இறுகப் பிணைந்து, பின்னோக்கிச் சென்று சேஸிஸில் ஒரு புஷ்ஷில் தொங்குகிறது. வண்டியை உயர்த்தும்போது ஆர்மின் பின்முனை மேலே போகிறது. ஆக்சிலும் அதனுடன் சேர்ந்து முன்பக்கமாகக் குனிகிறது. சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் தலை முன்னால் சாய்வதால் காஸ்டர் கோணம், அதாவது அந்த அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு, குறைகிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள ஆர்முக்கு 50 மி.மீ. உயர்வில் 2.9 டிகிரியும் 100 மி.மீ. உயர்வில் 5.7 டிகிரியும் போகும். ஆர்ம் அதைவிடக் குட்டையானால் இழப்பு இன்னும் அதிகம். இந்த வண்டிக்கு ஆலை வைத்த காஸ்டர் 3 டிகிரி அளவில்தான். ஆகவே இரண்டு அங்குலத்திலேயே அது ஏறக்குறைய சூனியத்தைத் தொடுகிறது, நான்கு அங்குலத்தில் எதிர்மறைக்குப் போய்விடுகிறது. காஸ்டர் இல்லாத வண்டியின் ஸ்டீயரிங் திருப்பத்துக்குப் பின் தானாக நேர்நிலைக்குத் திரும்பாது. நெடுஞ்சாலையில் அங்குமிங்கும் அலையும். ஓட்டுபவர் ஒவ்வொரு நொடியும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இதைச் சரிசெய்யத் துளை மையம் விலகிய புஷ்கள் கிடைக்கின்றன. அவை ஆக்சிலைப் பின்பக்கமாகச் சுழற்றி காஸ்டரை மீட்கின்றன. அங்கேதான் அடுத்த முடிச்சு விழுகிறது. கிங்பின்னும், டிஃபரன்ஷியலுக்குள் விசையைக் கொண்டுவரும் பினியனும் ஒரே வார்ப்பில் இருப்பவை. கிங்பின்னின் தலையைப் பின்னால் சாய்த்தால் பினியனின் மூக்கு தரையை நோக்கித் தாழ்கிறது. விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸோ வண்டியோடு சேர்ந்து மேலே போயிருக்கிறது. இடையில் விசையைக் கடத்தும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் வளையும் மூட்டான கிராஸ் ஜாயின்ட் கூடுதலாக வளைந்து வேலை செய்ய வேண்டிவருகிறது. வளைந்த கிராஸ் ஜாயின்ட் ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறைந்தே விசையைக் கடத்தும். இரு முனைகளின் வளைவுகளும் ஒன்றையொன்று ஈடுசெய்யாவிட்டால் அது அதிர்வாகத் தரைத்தகட்டுக்கு வரும். நான்கு சக்கர இயக்கத்தைத் தேவைப்படும்போது மட்டும் இணைக்கும் வண்டிகளில், முன் ஹப்பை விடுவித்துவிட்டால் இந்த ஷாஃப்ட் சாலையில் சுற்றாது, அதிர்வும் தெரியாது. இந்த வண்டியிலோ அது எப்போதும் சுற்றுகிறது.

எனவே காஸ்டரை முழுதாக மீட்பதும் ஷாஃப்ட்டைக் காப்பதும் ஒன்றையொன்று இழுக்கின்றன. நான்கு அங்குலத்துக்கு ஏறக்குறைய ஆறு டிகிரியைப் புஷ்ஷால் மட்டும் திருத்துவது சரிவராது. ஆர்மின் சேஸிஸ் முனையைத் தாழ்த்தும் இரும்புத் தாங்கிகள் தேவைப்படும், அவை பாறையில் மோதும் முதல் பொருளாகிவிடும். உயர்த்தியதில் ஒரு பகுதியை அப்படியே திருப்பிக் கொடுப்பதற்கு அது ஒப்பு. ஷாஃப்ட்டையும் மாற்ற வேண்டும், பிரேக் ஹோஸ்கள் நீள வேண்டும், ஸ்டெபிலைசர் இணைப்புகள் நீள வேண்டும். இரண்டு அங்குலத்திலோ இந்தச் சங்கிலி பாதியிலேயே நின்றுவிடுகிறது.

பான்ஹார்ட் ராடின் கதை எளிது. ஆக்சிலை இடவலமாக அசையாமல் பிடிக்கும் இந்தக் கம்பி ஒரு வட்டவில்லில் ஆடுவதால், வண்டி உயர்ந்தால் ஆக்சில் ஒரு பக்கம் நகர்கிறது. ஒரு மீட்டர் நீளத்தில் 6 டிகிரி சாய்வுள்ள கம்பிக்கு 50 மி.மீ. உயர்வில் 6 முதல் 7 மி.மீ. வரையும், 100 மி.மீ. உயர்வில் 15 மி.மீ.க்கு மேலும் நகர்வு வரும். நீளத்தை மாற்றிக்கொள்ளத்தக்க ராடு இதைத் தீர்க்கும். ராடின் முனையை மட்டும் தாழ்த்திவிட்டு ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிராக் லிங்க்கை அப்படியே விட்டால், இரண்டும் இணையாக நிற்காமல் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்டீயரிங் தானே திரும்பும், அதைச் செய்யக்கூடாது.

தேர்வும் ஒத்திகையும்

மேசைக்கு வந்தவை மூன்று வழிகள். பழைய ஸ்பிரிங்கின் மேல் பாலியூரித்தேன் வளையம் வைத்து 30 மி.மீ. உயர்த்துவது முதலாவது. செலவு மிகக் குறைவு, ஆனால் எடைக்குப் போதாத ஸ்பிரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு அதற்கு ஒரு முக்காலி போடுவதால் என் பார்வையில் இந்த வண்டிக்கு அது விடையாகாது. நான்கு அங்குல முழுத் தொகுதி இரண்டாவது. அதை ஏன் ஒதுக்கினோம் என்பது மேலே வந்துவிட்டது. எஞ்சியது 50 மி.மீ. ஸ்பிரிங்கும் அதற்கேற்ற நீளத்தில் ஷாக் அப்சார்பரும் கொண்ட தொகுதி. முன்புறத்துக்கு 100 கிலோ நிரந்தரச் சுமைக்கானதும் பின்புறத்துக்கு 200 கிலோவுக்கானதும் எடுத்தோம். பின்புறத்தில் ஆள் ஏறும் எடைக்கு இடம் விட்டே 200. நான்கு மூலைக்கும் ஒரே வகை என்று வரும் பெட்டியை வாங்காமல் இரண்டு ஜோடிகளையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கியது இந்தத் தேர்வின் முக்கியமான படி.

ஷாக் அப்சார்பரில் ஒற்றைக் குழாயா இரட்டைக் குழாயா என்ற விவாதத்துக்குள் நீண்ட நேரம் போகவில்லை. தொடர்ந்து அதிரும் கற்சாலையில் எண்ணெய் சூடேறி நுரைப்பதுதான் பொது எதிரி. நைட்ரஜன் அழுத்தமும் பெரிய விட்டமும் அதைத் தாமதப்படுத்தும். நீளம் அதைவிட முக்கியம்: ஆக்சில் முழுதாக மேலே வரும்போது அதைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்தான் முதலில் தொட வேண்டும், ஷாக் உள்ளே முட்டக்கூடாது.

இதை உறுதி செய்ய ஒரு நாள் ஒத்திகை நடந்தது. பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, புதிய ஷாக்கின் ஒரு முனையை மட்டும் மாட்டி, பின் ஆக்சிலின் ஒரு பக்கத்தை டிராலி ஜாக்கால் பம்ப் ஸ்டாப் நசுங்கும் வரை ஏற்றி, மறுபக்கத்தைத் தொங்கவிட்டோம். மூன்றாவது குறையின் காரணம் அங்கே கண்ணுக்குத் தெரிந்தது. டயரின் தோள்பட்டை உள் வளைவின் மடிப்பைத் தொட்டது, ஸ்பிரிங்கே இல்லாத நிலையில். அதாவது உரசலைத் தீர்மானிப்பது பம்ப் ஸ்டாப்பின் நீளம். ஸ்பிரிங்கின் உயரம் உரசலைத் தள்ளிப்போடுமே தவிர நீக்காது. பம்ப் ஸ்டாப்புக்கு அடியில் 25 மி.மீ. துண்டு வைத்ததும் விரல் நுழையும் இடைவெளி கிடைத்தது. அதே நிலையில் தொங்கிய பக்கத்தின் பிரேக் ஹோஸ் நாண்போல் இழுபட்டிருந்ததால் நீளமான ஹோஸ் பட்டியலில் சேர்ந்தது.

பலரும் மறக்கும் ஒரு பாகம் பின் பிரேக்கின் சுமையுணர் வால்வு. பின்புறம் உயர்ந்தால் சுமை குறைந்துவிட்டது என்று அது புரிந்துகொண்டு பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். எடை குறையவில்லை, ஸ்பிரிங்தான் மாறியது என்பது அதற்குத் தெரியாது. ஆக்சிலிலுள்ள அதன் தாங்கியை உயர்வுக்கு ஈடாக ஒரு துண்டு வைத்து உயர்த்தினோம்.

பொருத்தியதும் விளைவும்

புஷ் போல்ட்டுகளை வண்டி தொங்கும்போது கையிறுக்கமாக மட்டும் விட்டு, சக்கரத்தில் முழு எடையும் இறங்கிய பின்பே டார்க் ரெஞ்ச்சால் முறுக்கினோம். ரப்பர் புஷ் எந்த நிலையில் இறுக்கப்படுகிறதோ அதையே தன் ஓய்வு நிலையாகக் கொள்ளும். தொங்கும்போது இறுக்கினால் வண்டி நிற்கும் நேரமெல்லாம் அது முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். இந்த வண்டியில் முன்பு வேறொரு பட்டறை இறுக்கிய புஷ்கள் அப்படித்தான் கிழிந்து வந்தன.

வீல் அலைன்மென்ட்டை உடனே செய்யவில்லை. புதிய ஸ்பிரிங் சில மி.மீ. படிந்த பின் எடுக்கும் அளவே நிலைக்கும் என்பதால் சில வாரங்கள் ஓடவிட்டு எடுத்தோம். காஸ்டரை 3க்குக் கொண்டுபோகாமல் வேண்டுமென்றே 2 டிகிரியில் நிறுத்தினோம், பினியனுக்காக. ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறது. நெடுஞ்சாலையில் அலைச்சல் இல்லை. பின்புறம் நேராக நிற்கிறது, டயர் உரசல் இல்லை.

ஷாஃப்ட் அதிர்வு முற்றிலும் போய்விடவில்லை. வேகம் கூட்டும்போதன்றி, ஆக்சிலரேட்டரை விட்டு வண்டி தானாக மெதுவாகும்போது, காலடியில் மெல்லியதாகத் தெரிகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் இரட்டைக் கிராஸ் கொண்ட ஷாஃப்ட் போட்டால் பினியனை ஷாஃப்ட்டின் கோட்டிலேயே வைக்கலாம். ஆனால் அதற்குப் பினியன் மேல்நோக்க வேண்டும், காஸ்டர் மீண்டும் போகும். இந்த உயரத்தில் இரட்டைக் கிராஸ் ஷாஃப்ட் வளைவைப் பகிர்ந்துகொள்வதால் ஓரளவு நன்மை உண்டு என்றாலும், இப்போதுள்ள அதிர்வு கிராஸ் ஜாயின்ட்டைத் தேய்க்கும் அளவுக்கு இல்லை என்பதால் உரிமையாளர் அதை ஒத்திவைத்திருக்கிறார். ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்தின்போதும் ஜாயின்ட்டில் கிரீஸ் அடித்து, கையால் முறுக்கி ஆட்டம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். டிரெய்லர் இழுக்கும் எண்ணம் அவருக்கு உண்டு. அப்போது கொக்கியில் இறங்கும் எடைக்காகப் பின் ஸ்பிரிங்கை மாற்றாமல், காயிலுக்குள் வைக்கும் காற்றுப்பை போட்டு, இழுக்கும் நாளில் மட்டும் காற்றேற்றிக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது.